மூன்று நாள், ஒன்பது வீடு: ஓர் ஊர்ப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

என் ஆபீசில் ஒரு வேலை சொதப்பினால் அதை மணி வாரியாக எழுதி வைக்கச் சொல்வார்கள். எந்த இடத்தில் என்ன முடிவு எடுத்தோம், அப்போது கையில் என்ன தகவல் இருந்தது, எது கண்ணுக்கு முன்னால் இருந்தும் பார்க்காமல் விட்டோம் என்று வரிசையாக. 2025 மே மாதம் இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்த கதையை அதே மாதிரி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் போய் வந்து இரண்டு வாரம் வரைக்கும் வீட்டில் நடந்த பேச்சு முழுக்க "எந்த வீட்டில் சாப்பிட்டதுதான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பதாகவே இருந்தது, அது தப்பான கேள்வி என்று எனக்குப் புரியவே நாள் ஆனது.

போனவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, 5 வயது 2 மாதம் ஆன பெரியவன், 18 மாதம் ஆன சின்னவள். மனைவிக்குச் சொந்த ஊர் வேலூர். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சொந்தங்களில் பாதிப் பேரை அவள் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி.

போன காரணம் அம்மன் கோயில் கொடை. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் பக்கம் ஊர்த் திருவிழாவைக் கொடை என்போம், அம்மன் கோயில் என்றால் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் மத்தியானம் ஒரு கொடை, நடுச்சாமத்தில் ஒரு கொடை. இந்த வருடம் மே 20 செவ்வாய். வெள்ளி இரவு ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை திருநெல்வேலி. கொடைக்கு முன்னால் மூன்று முழு நாள் கையில் இருக்கிறது. அந்த மூன்று நாளை நான் எப்படிச் செலவு பண்ணினேன் என்பதுதான் விஷயம்.

சின்னவள் பிறந்த பிறகு ஊருக்குப் போவது அதுதான் முதல் தடவை. "பிள்ளைய இன்னும் கண்ணுல காட்டலியே" என்று போனில் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் மொபைலில் ஒரு பட்டியல் போட்டேன். பாளையங்கோட்டை அத்தை, கல்லிடைக்குறிச்சி சித்தப்பா, அம்பை (அம்பாசமுத்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பெரியம்மா, ஆலங்குளம் மாமா, தென்காசியில் ஒரு மைனிக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம், அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்கவே முடியாது, அப்படியே போட்டுக்கொண்டு போனதில் ஒன்பது வீடு ஆகிவிட்டது. மனைவி பார்த்துவிட்டு, "ரெண்டு வீடு போதுமே, மத்தவங்க எப்படியும் கொடைக்கு வருவாங்கல்ல, அங்கயே பாத்துக்கலாம்" என்றாள். "உனக்கு எங்க ஊரைப் பத்தித் தெரியாது" என்றேன்.

அந்தப் பதிலை இந்த ஆய்வின் முதல் பிழையாகக் குறித்து வைக்கிறேன். அவளுக்கு எங்கள் ஊரைப் பற்றித் தெரியாது என்பது உண்மைதான். சின்னவளைப் பற்றி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரயில்

முன்பதிவு 120 நாளுக்கு முன்னால் திறந்த காலம் போய், 2024 நவம்பரிலிருந்து 60 நாள் ஆகிவிட்டது. கோடை விடுமுறை, அதிலும் வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து ஸ்லீப்பரில் ஒரு மிடில், ஒரு சைடு அப்பர் கிடைத்தது. இங்கே ஒரு கஞ்சத்தனம் செய்தேன். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாம் என்று சொன்னால் அரை டிக்கெட், பெர்த் வேண்டும் என்றால் முழு டிக்கெட். 2016 ஏப்ரலுக்கு முன்னால் அரை டிக்கெட்டுக்கே பெர்த் உண்டு, அந்த ஞாபகத்தில் பழகிய ஆள் நான். பெரியவனுக்கு பெர்த் வேண்டாம் என்று போட்டேன். மிச்சம் சில நூறு ரூபாய்.

அதற்கு விலையாக, சைடு அப்பரில் நானும் கால் நீட்டி உதைக்கும் ஐந்து வயதுப் பையனும், மிடில் பெர்த்தில் மனைவியும் சின்னவளும். மிடில் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியாது என்பது ஆண்களுக்குத் தோன்றாத ஒரு உண்மை. கீழ் பெர்த்தில் இருந்த பெரியவர் ராத்திரி விழுப்புரம் தாண்டியதும் தானாகவே எழுந்து மாற்றிக்கொண்டார், மகராசன். இருந்தாலும் சின்னவள் அந்த இரவு மொத்தமாக நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். காலையில் இறங்கும்போதே நாங்கள் நான்கு பேரும் கடன்பட்ட தூக்கத்தோடுதான் இறங்கினோம். அந்தக் கடனை அடைக்க அடுத்த மூன்று நாளில் ஒரு மணி நேரம்கூடப் பட்டியலில் இல்லை.

வந்தே பாரத்தில் போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். ஆனால் முழுக்க உட்காரும் இருக்கைதான். நடக்கப் பழகிய ஒன்றரை வயதுப் பிள்ளையை எட்டு மணி நேரம் மடியில் பிடித்து வைப்பதைவிட ஒரு கீழ் பெர்த்தும் ஒரு ராத்திரியும் எவ்வளவோ மேல். இது என் கருத்து, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் முதலில் அந்த எட்டு மணி நேரத்தை முயன்று பார்க்கட்டும்.

சனி, ஞாயிறு, திங்கள்

சனி காலை பாளையங்கோட்டை அத்தை வீட்டில் குளித்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்கு டாக்சி பிடித்து ஊருக்கு. மத்தியானம் அம்மா கையால் சொதி. (என் அம்மா, பிள்ளைகளுக்கு ஆச்சி. இனி ஆச்சி என்றே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவர் என் அம்மாவாக இருந்ததைவிட ஆச்சியாக இருந்ததுதான் அதிகம்.) சின்னவள் கண்ணை மூடப் போன நேரம் தெருவில் உள்ளவர்கள் பார்க்க வந்துவிட்டார்கள். சாயங்காலம் ஊருக்குள்ளேயே இரண்டு வீடு.

ஞாயிறு காலை பாபநாசம். கோயில், ஆற்றில் குளியல், அப்புறம் கல்லிடைக்குறிச்சி, அம்பை, அங்கிருந்து சித்தப்பா காரில் ஆலங்குளம். போகிற வழியில் பெரியவன் காருக்குள் வாந்தி எடுத்தான். பின் சீட்டில் குனிந்து மொபைலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வந்தவன். உடம்பு ஆடுவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது, கண் அசையாத திரையைப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் குமட்டுகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம், இரண்டு வயதுக்குள் அபூர்வம். இதெல்லாம் தெரிந்தும் "அழாம வரட்டும்" என்று மொபைலைக் கொடுத்தது நான். வாந்திக்குப் பிறகு காற்று வரட்டும் என்று அவனை முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மாமா மடியில் உட்கார வைத்தோம், சீட் பெல்ட் எதுவும் இல்லாமல். 2019 சட்டத் திருத்தப்படி பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், முன்னால் ஏர்பேக் இருக்கும் சீட்டில் பெரியவர் மடியில் பிள்ளை என்பது இந்தப் பயணத்திலேயே உண்மையில் ஆபத்தான பத்து நிமிடம். எதுவும் ஆகவில்லை என்பதால் வீட்டில் அதைப் பற்றி யாருமே பேசவில்லை. ஆய்வு எழுத உட்கார்ந்ததால்தான் எனக்கே அது உறைத்தது.

திங்கள் தென்காசி. அம்பையிலிருந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இடையில் மூன்று வீடு.

இனி இந்த ஒன்பது வீட்டிலும் என்ன நடந்தது என்று தனித்தனியாக எழுத வேண்டாம், ஏனென்றால் ஒரே மாதிரிதான் நடந்தது. வாசலில் ஏறுகிறோம். "வாங்க வாங்க, ஏன் இப்பிடி மெலிஞ்சுட்டிய" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே கை சின்னவளைப் பிடுங்கும். அவள் அலறுவாள். "யாருன்னு பாரு, ஆச்சி, தாத்தா" என்று நான்கு பேர் முகத்துக்கு முன்னால் முகத்தைக் கொண்டுவருவார்கள். இன்னும் அலறுவாள். "பட்டணத்துப் பிள்ளை, சொந்தம் தெரியாம வளக்கிய" என்று ஒரு வார்த்தை வரும், சிரித்துக்கொண்டே வந்தாலும் மனைவியின் முகம் மாறும். அப்புறம் அழுகையை நிறுத்த ஒன்று வாயில் போகும். ஒரு வீட்டில் அல்வா, ஒரு வீட்டில் பாதுஷா, ஒரு வீட்டில் கலர் (பாட்டிலில் வரும் குளிர்பானத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்), வழியில் வாங்கிய பதநீர், ஐஸ் தண்ணீர் கலந்த எலுமிச்சை ஜூஸ். வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்னோம். "நாங்க என்ன விஷத்தையா குடுக்கோம்" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அறிமுகம் இல்லாத முகத்தைக் கண்டு அழுவது எட்டு ஒன்பது மாதத்தில் ஆரம்பித்து இரண்டு வயது வரைகூட இருக்கும். அது வளர்ப்புக் குறை கிடையாது, யார் தன்னுடைய ஆள் என்று பிள்ளை பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதன் அடையாளம். இதை அந்த வாசலில் நின்று விளக்க முடியாது, விளக்கினால் படித்த திமிர் என்பார்கள். ஆனால் ஆச்சிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்றபோது அவர் கிட்டவே வரவில்லை. திண்ணையில் முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டுக்கொண்டு, இவள் பக்கம் திரும்பாமல் உருவிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்துச் சின்னவள் தானாகத் தவழ்ந்தும் நடந்தும் போய் ஒரு இணுக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார், அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவர் இடுப்பில் இருந்தாள். மூன்று நாளில் அவள் அழாமல் போனது அந்த ஒருவரிடம்தான்.

ராத்திரித் தூக்கமும் இல்லை. எங்கள் வீடு கோயிலுக்குப் பின் தெரு. ஞாயிற்றுக்கிழமையே மைக் செட் கட்டிவிட்டார்கள், குழாய் ஒன்று எங்கள் மாடிச் சுவருக்கு நேராக. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, திருவிழா நாட்களில் மாநில அரசு அனுமதித்தால் நள்ளிரவு வரை என்று விதி இருக்கிறது. விதி பற்றி நான் பேச்செடுத்தபோது அக்காள் வீட்டு அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு விட்டுவிட்டேன். வீட்டில் சின்னவள் பகலில் தினமும் இரண்டு மணி நேரம் தூங்குவாள். இந்த மூன்று நாளில் சேர்த்தே இரண்டரை மணி நேரம்தான், அதுவும் கார்களில்.

திங்கள் மாலை நான்கு மணி முதல்

தென்காசியிலிருந்து திரும்பும்போதே சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஏழு மணிக்குள் நான்கு தடவை, ஒரு வாந்தி. வெளியே குடியழைப்புக்கு மேளம் அடிக்கிறது. ஆச்சி சொன்னார், "நொய்யைப் போட்டுக் கஞ்சி வச்சு, உப்பு போட்டு, தெளிவ எடுத்துக் குடு." நான், "அதெல்லாம் வேண்டாம்மா, ஓஆர்எஸ் வாங்கிட்டு வாறேன்" (போக்கில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் கரைசல்) என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது பிழை இதுதான், முதலாவதைவிடப் பெரியது. கடையில் கொடுத்தது அட்டைப் பெட்டியில் ஆரஞ்சு சுவையில் வரும் பானம். மேலே கொட்டை எழுத்தில் ஓஆர்எஸ் என்று போட்டிருந்தது. நானும் பார்க்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. பிள்ளை ஆசையாகக் குடித்தாள், இரண்டு பெட்டி. பத்து மணிக்குள் இன்னும் நான்கு தடவை போனாள், இந்த முறை தண்ணீராக.

மனைவிதான் காலிப் பெட்டியை லைட்டுக்குக் கீழே பிடித்துப் படித்தாள். உலக சுகாதார அமைப்பின் ஓஆர்எஸ் கலவைப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், இன்னும் பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட், எல்லாம் சேர்ந்து 20.5 கிராம். அந்த அளவில்தான் குடல் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் போகும். அந்தப் பெட்டியில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. குடலில் சர்க்கரை அளவு மீறினால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். மருந்து என்று நினைத்து நான் கொடுத்தது அதைத்தான். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தக் கலவை விகிதம் இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல் வரவே கூடாது என்று உத்தரவிட்டது. எங்களுக்கு ஐந்து மாதம் தாமதம்.

உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு? வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கொடுக்கத் தகுந்த பானம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. ஆச்சி சொன்னது சரி, பெட்டியில் அச்சடித்திருந்தது தப்பு. நான் நம்பியது அச்சை.

பதினொன்றரைக்கு அத்தான் கூட்டத்தை விட்டுவிட்டு வந்து, அம்பைக்குப் போய்த் திறந்திருந்த மருந்துக்கடையைத் தேடிப் பிடித்து, தூள் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், பாதித் தூளைக் கண்ணளவாகப் போட்டுக் கலக்கக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர். குடித்ததும் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி கரண்டி கரண்டியாக. விடிய விடியக் கொடுத்தோம், அவள் பாதியைத் துப்பினாள். விடிகாலையில் கண் உள்ளே போயிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சிறுநீர் போகவே இல்லை.

செவ்வாய் காலை ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா முதலில் தம்ளரைக் கொடுத்துக் குடிக்கிறாளா என்று பார்த்தார். ஆவலாகக் குடித்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார், தோல் மெதுவாகத்தான் படிந்தது. எடை 9.4 கிலோ. "கொஞ்சம் நீர் வத்தியிருக்கு, ரொம்ப இல்ல. சோர்ந்து கிடந்து குடிக்க மறுத்திருந்தா டிரிப் போடணும். இவ குடிக்கிறா, இங்கேயே உக்காந்து குடுங்க" என்றார். கணக்கு கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில். ஏறக்குறைய 700 மில்லி. மனைவி மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி, நான் மணி பார்த்தேன். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி இரண்டு பெரியம்மாக்கள் போன் பண்ணினார்கள். டாக்டர் நிறுத்தவே கூடாது என்றார். ஜிங்க் மாத்திரை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தாமல். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ். போக்கை நிறுத்துகிற மாத்திரை கேட்ட என்னை முறைத்தார்.

எந்த வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்று நான் பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தபோது, டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பால் பாட்டில் எங்க கழுவினீங்க?"

ஒன்பது வீட்டுக் குழாயிலும் கழுவியிருக்கிறோம். கொதிக்க வைக்க ஒரு இடத்திலும் நேரம் இருக்கவில்லை. நிப்பிளின் உள்பக்கத்தில் பால் ஆடை ஒட்டியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். "பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு தம்ளர்ல குடுங்க" என்றார். ஆச்சி இதையும் சனிக்கிழமையே சொன்னார், தம்ளரும் எடுத்து வைத்தார். பாட்டில்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பதநீராக இருக்கலாம், ஆற்றில் குளிக்கும்போது விழுங்கிய தண்ணீராக இருக்கலாம், ஐஸாக இருக்கலாம்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சிறுநீர் போனாள். மடியெல்லாம் நனைந்தது, மனைவி அழுதாள். வீட்டுக்கு வந்தால், "ஒரு ஊசிகூடப் போடாம அனுப்பிட்டாங்களா, என்ன டாக்டரு" என்று விசாரிப்பு. ஆச்சி உப்பும் மிளகாய் வத்தலும் சுற்றி அடுப்பில் போட்டுக் கண்ணூறு கழித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வீட்டுக் கண் பட்டிருக்கிறது என்றார், ஒன்பது என்ற எண்ணிக்கையில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

பெரியவன் இதெல்லாம் எதுவும் தெரியாமல் அத்தான் தோளில் உட்கார்ந்து கொடை பார்த்தான். வில்லுப்பாட்டில் குடத்தை அடிக்கும் ஆளுக்கு நேர் எதிரே மண்ணில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அசையவில்லையாம். சென்னை வந்து ஒரு மாதம் தண்ணீர்க் குடத்தை எடுத்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வீட்டில் ஒரு வீட்டைக்கூட அவனுக்கு ஞாபகம் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

22ஆம் தேதி ரயில் ஏறினோம். 24ஆம் தேதி கேரளத்தில் பருவமழை வழக்கத்துக்கு எட்டு நாள் முன்னாலேயே தொடங்கிவிட்டது என்று செய்தி, குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று மாமா வீடியோ அனுப்பினார். அதையும் தவறவிட்டோம்.

எங்கே தப்பானது

கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடுவதில் பிரயோஜனம் இல்லை என்று நினைக்கிறேன். தூங்காத, களைத்த, ஒரு நாளைக்கு மூன்று வீட்டில் மூன்று விதமாகச் சாப்பிட்ட, மூன்று இடத்துத் தண்ணீரில் கழுவிய பாட்டிலில் பால் குடித்த பிள்ளைக்கு எங்காவது ஒன்று வந்துதான் தீரும். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது என் பட்டியல். அந்தப் பட்டியலைப் போட்டபோது என் மனதில் இருந்தது பிள்ளைகள் இல்லை. பாளையங்கோட்டைக்குப் போய்விட்டு ஆலங்குளம் போகாவிட்டால் என்ன பேச்சு வரும், சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டில் காபியோடு கிளம்பினால் யார் முகம் தூக்குவார்கள், இந்தக் கணக்குதான். பத்து வருடம் சென்னையில் இருந்துவிட்டு மூன்று நாளில் எல்லாக் கடனையும் தீர்த்துவிடப் பார்த்தேன். அந்தக் கடனைத் தீர்க்க நான் சுமந்துகொண்டு போன பொருள் சின்னவள். "நான் வரலைன்னாலும் பரவாயில்லை, பிள்ளையைக் காட்டணும்" என்று நானே போனில் சொல்லியிருக்கிறேன்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் நாங்கள் இருந்தது சராசரி முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் ஒரு அத்தையால் என்ன செய்ய முடியும்? தூக்கப் பார்க்கலாம், ஊட்டப் பார்க்கலாம். கீரை உருவிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருக்க ஆச்சிக்கு முடிந்தது, ஏனென்றால் நாங்கள் தங்கியிருந்தது அவர் வீட்டில்.

டிசம்பரில் மறுபடி

அரையாண்டு விடுமுறைக்கு மறுபடி போனோம். பெரியவனுக்கு முழு டிக்கெட், மூன்று பெர்த், அதில் ஒன்று கீழ் பெர்த். பையில் தூள் ஓஆர்எஸ் நான்கு, மூடி போட்ட எவர்சில்வர் தம்ளர் ஒன்று, பாட்டில் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது மாமியாருக்கு மறக்கவில்லை, அவர் சொல்லி ஒரு நாளைக்குக் கூடுதலாகப் பால் பவுடரும் அவலும் எடுத்துக்கொண்டோம். அது தேவைப்படவில்லை.

முக்கியமான மாற்றம்: நான்கு நாளும் ஆச்சி வீட்டை விட்டு நகரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்க கூட்டாஞ்சோறு, எல்லாரும் வாங்க" என்று போட்டேன். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதில் சின்னவளைச் சுற்றி யாரும் கூடவில்லை. அவள் தூங்க வேண்டிய நேரத்தில் உள் அறையில் தூங்கினாள். எழுந்து வந்து ஒவ்வொருவராகத் தானே தேர்ந்தெடுத்தாள். வயிறு ஒழுங்காக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இருபத்திரண்டு பேருக்குக் காய் நறுக்கியது 71 வயது ஆச்சியும் என் மனைவியும். முதல் பயணத்தில் பிள்ளை சுமந்ததை இந்த முறை இவர்கள் இரண்டு பேரும் சுமந்தார்கள், அதை நான் கவனித்தது பாத்திரம் தேய்க்கும்போது. அடுத்த முறை சமையலுக்கு ஆள் வைத்துவிட வேண்டும், ஆச்சி சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். இரண்டு குடும்பம் வரவில்லை. பாளையங்கோட்டை அத்தை, "தம்பி பெரிய ஆளாயிட்டான், நாமதான் போயிப் பாக்கணுமாம்" என்று அக்காளிடம் சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வர ஒரு நாள் ஆனது. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார், ரயிலுக்கு வரும்போது மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்து அவர் வீட்டில் இருக்கிறோம் என்றேன். "வந்தா வாங்க" என்றார்.

போனோம். தாம்பாளத்தில் சின்ன வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு நடு வீட்டில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். ஆச்சி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போல. பிள்ளையை நிமிர்ந்தே பார்க்கவில்லை, எங்களையும்தான். சின்னவள் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, வெங்காயம் தீர்ந்து பூண்டு வந்தது, அத்தை விடவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து வாசலில் ஆட்டோ வந்து நின்றபோதுதான் போய் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து நீட்டினாள், அப்படியே மடியில் உட்கார்ந்துவிட்டாள். ரயிலுக்கு இன்னும் 35 நிமிடம் இருந்தது. ஆட்டோக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன்.